நூறில் நாற்பது போனால்

நூறில் நாற்பது போனால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பையன்கூட யோசிக்காமல் அறுபது என்று சொல்லிவிடுவான். சர்வகலாசாலையில் கணிதம் படித்துப் பட்டம் பெற்று, இருபது வருஷ காலமாக மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்துவரும் நாமும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தோம். அந்த விடை சில சமயங்களில் ஒன்பதில் ஒன்றாகக் குறுகிவிடும் என்று நமக்குக் கற்பித்தவள் நமது தமக்கை. அவள் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைக் கண்டவள் அல்லள்.

தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர் கல்லிடைக்குறிச்சி. தாமிரபருணியின் கரையில், அம்பாசமுத்திரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் அவ்வூரின் பெயரைச் சொன்னவுடனேயே அப்பளம் ஞாபகத்துக்கு வராத தமிழர் குறைவு. 2008-ஆம் வருஷம் அத்தான் காலமானபோது அக்காளுக்கு இரண்டு குழந்தைகள், ஓர் ஓட்டு வீடு, கொஞ்சம் கடன். ஊரார் பலரும் அறிந்த தொழிலை அவளும் கையில் எடுத்தாள். சமையலறையில் இரண்டு பலகைகளைப் போட்டு, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அப்பளம் இட ஆரம்பித்தாள்.

பொரித்த அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு அதை இடுகிற சிரமம் தெரிவதில்லை. உளுந்து மாவில் உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம் சேர்த்து, பிரண்டைச் சாறு விட்டுப் பிசைய வேண்டும். பிறகு மாவை உலக்கையால் இடிக்க வேண்டும். கை சோரும்வரை இடித்த பிறகுதான் மாவு இணங்க ஆரம்பிக்கும். இணங்கிய மாவைக் கயிறுபோல் நீட்டி, நூலால் துண்டு துண்டாக அறுத்து, எண்ணெய் தொட்டுக் குழவியால் இட வேண்டும். நடுவில் தடித்தால் பொரியாது. ஓரம் மெலிந்தால் கருகும். இட்டதை உச்சி வெயிலில் போட்டால் விறைத்து ஒடிந்துவிடும். ஈரத்தோடு அடுக்கினால் பூசணம் பூத்துவிடும். ஐப்பசி மழைக் காலத்தில் அக்காள் வானத்தைப் பார்க்கிற பார்வையை, மாசூல் முற்றிய வயலின் வரப்பில் நிற்கும் குடியானவனிடத்தில்தான் நாம் கண்டிருக்கிறோம்.

2016-ஆம் வருஷத்து முடிவில் அவளிடம் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு வந்து பிற்பகல்வரை இடுவார்கள். கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூலி. மாதம் ஐந்நூறு கிலோ அப்பளம் வெளியே போயிற்று. தனியாக ஒரு கொட்டகை வாடகைக்கு எடுத்தாயிற்று. மாவு பிசைவதற்கு ஓர் இயந்திரமும் கடனில் வந்து சேர்ந்தது. பிள்ளை பாலிடெக்னிக்கில் படித்துக் கொண்டிருந்தான்.

அந்த ஐந்நூறில் இருநூறு கிலோவைத் திருநெல்வேலியில் ஒரே ஒரு பலசரக்குக் கடை வாங்கிக் கொண்டிருந்தது. அதன் முதலாளியைத் திருநெல்வேலி வழக்கப்படி அண்ணாச்சி என்றே சொல்லுவோம். நல்ல மனுஷர். முதன்முதலில் அக்காள் கையில் ஒரு பையோடு போய் நின்றபோது, ஐந்து கிலோவை வாங்கி வைத்துக்கொண்டு ரொக்கமாகப் பணம் கொடுத்தவர். மிச்சம் முந்நூறு கிலோ அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி முதலிய இடங்களில் பதினேழு சிறு கடைகளுக்கும் இரண்டு மெஸ்ஸுகளுக்கும் ஐந்தும் பத்துமாகப் போய்க் கொண்டிருந்தது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கோடை விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, அக்காளுக்கு நாம் ஒரு புத்திமதி சொன்னோம். “பதினேழு கடை ஏறி இறங்குவானேன்? அண்ணாச்சியிடம் இன்னும் இருநூறு கிலோ எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஒரே வண்டி, ஒரே சீட்டு, ஒரே வசூல் என்று காரியம் முடிந்துவிடுமே!” என்றோம். அக்காள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு அப்பளத்தை நமது இலையில் போட்டாள்.

2017-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அண்ணாச்சியின் கடைப் பொறுப்பு அவருடைய குமாரரின் கைக்கு வந்தது. சின்ன முதலாளி படித்தவர், மரியாதை தெரிந்தவர். அக்காளை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்துக் கொடுத்த பிறகே விஷயத்துக்கு வந்தாராம்.

“அக்கா, தப்பா நினைக்கக் கூடாது. கிலோ நூற்றுத் தொண்ணூறு இனிமேல் கட்டாது. நூற்று அறுபத்தைந்துக்குக் கொடுங்க. பாக்கெட்டிலே உங்க பேர் வேண்டாம். எங்க கடைப் பேரைப் போட்டு நாங்களே அச்சடித்துத் தருகிறோம். இல்லேன்னா வேற இடத்திலேருந்து வருகிற சரக்கை எடுக்கிற மாதிரி இருக்கு. இரண்டு வாரம் யோசிச்சுச் சொல்லுங்க.”

அந்தப் பிள்ளையின் மேல் நமக்குக் கோபம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் கடை வாடகை ஏறியிருந்தது. ஊரில் குளிர்சாதனம் செய்த பெரிய அங்காடிகள் இரண்டு தோன்றியிருந்தன. கடைக்காரருக்கு ஒவ்வொரு சாண் அலமாரிக்கும் கணக்கு உண்டு. அந்தச் சாண் அளவு இடத்தில் எந்தச் சரக்கு அதிக லாபம் கொடுக்குமோ அதைத்தான் அவர் வைப்பார்.

தமக்கை டெலிபோனில் செய்தி சொன்னாள். சனிக்கிழமை ரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம். கையில் நோட்டுப் புஸ்தகம், பென்சில். மனத்தில் கணித பண்டிதர் என்ற கர்வம். “கவலைப்படாதே, அக்கா! நூறில் நாற்பது போனால் அறுபது மிச்சம். உன் வருமானத்திலும் நாற்பது சதவீதந்தான் குறையும். சமாளிக்கலாம்” என்று வாசற்படியிலேயே சொல்லிவிட்டோம். பிறகு உட்கார்ந்து கணக்கைப் போட்டோம்.

ஒரு கிலோ அப்பளத்துக்கு மாவு, மற்றச் சாமான்கள், பாக்கெட்டு எல்லாம் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். இடுகிற கூலி நாற்பது. ஆக நூற்றைம்பது. விற்பது நூற்றுத் தொண்ணூறு. கிலோவுக்கு மிச்சம் நாற்பது ரூபாய். ஐந்நூறு கிலோவுக்கு இருபதினாயிரம். இதில் கொட்டகை வாடகை, இயந்திரக் கடனின் தவணை, மின்சாரம், சுமை ஆட்டோவுக்குப் பேசிய மாதச் சம்பளம் ஆகியவற்றுக்குப் பதினோராயிரம் போய்விடும். குடும்பத்துக்கு நிற்பது ஒன்பதினாயிரம்.

இருநூறு கிலோ போய்விட்டால்? முந்நூறு கிலோவுக்கு மிச்சம் பன்னீராயிரம். கொட்டகைக்காரர் வாடகையைக் குறைப்பாரா? மாட்டார். கடன் கொடுத்த பாங்கி, “உனக்கு வியாபாரம் குறைந்துவிட்டதாமே, தவணையில் பாதி கட்டினால் போதும்” என்று சொல்லுமா? அவர்களுக்கெல்லாம் பதினோராயிரம் பதினோராயிரந்தான். மிச்சம் நின்றது ஓர் ஆயிரம் ரூபாய்!

நாம் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தோம். பென்சிலைச் சீவிக்கொண்டு மூன்றாவது தடவையும் பார்த்தோம். விற்பனையில் குறைந்தது நூறில் நாற்பது. வருமானத்தில் குறைந்ததோ ஒன்பதில் எட்டு. இதில் மாய மந்திரம் எதுவும் கிடையாது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அம்மைக்குப் படுத்துவிட்டாலும் உபாத்தியாயர் சம்பளம் பாதியாகிவிடுவதில்லை. கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிற செலவும் குறைவதில்லை. சரக்கோடு கூடவே ஏறி இறங்குகிற செலவு ஒன்று. சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தவுடன் வாசலில் வந்து நிற்கிற செலவு இன்னொன்று. முதலில் விற்கிற சரக்கெல்லாம் இந்த இரண்டாவது செலவுக்கே சரியாகப் போய், கடைசியில் விற்கிற கொஞ்சந்தான் வீட்டுக்கு அரிசியாகவும் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணமாகவும் ஆகிறது. அண்ணாச்சி கடை எடுத்துக்கொண்ட இருநூறு கிலோவில்தான் தமக்கையின் குடும்பம் சாப்பிட்டுக் கொண்டிருந்தது.

கணக்கு நம்மைப் பயமுறுத்திவிட்டது. உடனே மறுபக்கம் சாய்ந்தோம். “நூற்று அறுபத்தைந்துக்கே கொடுத்துவிடு, அக்கா! கிலோவுக்குப் பதினைந்து ரூபாயாவது மிஞ்சும். இருநூறு கிலோவுக்கு மூவாயிரம். மொத்தம் உனக்கு நாலாயிரம் நிற்கும். ஆயிரத்துக்கு நாலாயிரம் மேல் அல்லவா?” என்றோம். இதுவும் கணக்கின்படி முற்றிலும் சரியான விடை.

அக்காள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“தம்பி, அண்ணாச்சி கடையிலே நூற்று அறுபத்தைந்துன்னு நாளைக்கே மற்றக் கடைக்காரருக்குத் தெரிஞ்சு போகும். அவர்களும் அந்த விலைதான் கேட்பார்கள். எல்லாருக்கும் அப்படியே கொடுத்தால் எவ்வளவு நிற்கும், அதைப் போட்டுப் பார்.”

போட்டுப் பார்த்தோம். ஐந்நூறு கிலோவுக்கும் பதினைந்து ரூபாய் வீதம் ஏழாயிரத்து ஐந்நூறு. செலவு பதினோராயிரம். மாதாமாதம் மூவாயிரத்து ஐந்நூறு கைநஷ்டம்!

“அதுவும் போகட்டும். பாக்கெட்டிலே என் பேர் இல்லாவிட்டால், அடுத்த வருஷம் அவர் நூற்று ஐம்பத்தைந்து என்று கேட்கும்போது நான் என்ன சொல்ல முடியும்? சாப்பிடுகிறவர்களுக்கு நான் ஒருத்தி இருக்கிறதே தெரியாதே!” என்றாள்.

இரண்டு வாரத் தவணை முடியுமுன் அவளே திருநெல்வேலிக்குப் போய், கட்டாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பின் நடந்தவற்றை நமது நோட்டுப் புஸ்தகத்தில் எழுதியிருக்கவில்லை. கடையில் இருந்த சரக்கில் அறுபது கிலோ திரும்பி வந்தது. அதில் கால்வாசி நொறுங்கல். ஒன்றரை மாதத்துப் பாக்கி ஐம்பத்தேழாயிரம் ரூபாய், ஐயாயிரமும் பத்தாயிரமுமாக ஐந்து மாதத்தில் வந்து சேர்ந்தது. வியாபாரம் நடக்கிற வரையில் வருகிற பணத்துக்கும், நின்றுபோன பிறகு வருகிற பணத்துக்கும் நடையில் இவ்வளவு வித்தியாசம்! எல்லாவற்றையும்விட மோசம், அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைக்காரர், “அண்ணாச்சியே நிறுத்திவிட்டாராமே, சரக்கிலே ஏதாவது கோளாறா?” என்று கேட்டு, தாமும் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார். அப்பளம் மாறவில்லை, உளுந்து மாறவில்லை. பெரிய கடை ஒன்று கைவிட்டது என்ற செய்தியே சரக்குக்கு ஒரு களங்கமாகிவிட்டது.

எட்டுப் பெண்களில் மூவரை நிறுத்திவிடுவதா என்ற பேச்சு வந்தது. பெண்களே கூடிப் பேசி, இருக்கிற வேலையை எட்டாகப் பங்கிட்டுக்கொள்வதென்று தீர்மானித்தார்கள். மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினவர்கள் ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தியின் மகள் நர்ஸு உத்தியோகத்துக்குப் படித்துக் கொண்டிருந்தாள். சித்திரை மாதத்தில் அவளும் இன்னொருத்தியும் பீடி சுற்றுகிற வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த மார்ச் மாதத்திலேயே தமிழ்நாடு முழுவதும் ஒரு வேடிக்கை நடந்தது. ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சி நடந்த சூட்டோடு, வணிகர் சங்கங்களின் கூட்டமைப்புகள், 2017 மார்ச் 1-ஆம் தேதி முதல் கோக்கோ கோலா, பெப்ஸி பானங்களை விற்பதில்லை என்று அறிவித்திருந்தன. எல்லாக் கடைகளும் அதைக் கடைப்பிடித்தன என்று சொல்ல முடியாது. நமது தெருக் கடைக்காரர் கடைப்பிடித்தார். ஒரு நாள் சாயங்காலம் அவர் கடையில் நின்று கொண்டிருந்தோம். நமது பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஓடிவந்து வெளிநாட்டுப் பானத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டான். “அது இல்லை தம்பி, இதைக் குடி” என்று கடைக்காரர் ஒரு பவண்டோ பாட்டிலை எடுத்து நீட்டினார். பையன் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போனான். அடுத்த தெருவுக்குப் போய்த் தேடலாமே என்ற எண்ணம் அவனுக்குக் கனவிலும் தோன்றவில்லை. உலகம் முழுவதும் கோடி கோடியாக விளம்பரத்துக்குச் செலவழித்துச் சம்பாதித்த பெயர், எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் கையை வேறு பக்கம் நீட்டியவுடன் மறைந்துவிட்டது. பவண்டோ செய்கிற காளிமார்க் கம்பெனி 1916-ஆம் வருஷம் முதல் நடந்து வருவது. தன் முறை வருவதற்கு அது எத்தனை வருஷம் காத்திருந்ததோ!

சாமான்களில் இரண்டு வகை உண்டு என்று அன்றைக்குத் தோன்றிற்று. ஒன்று, கடையில் இல்லாவிட்டால் ஜனங்கள் கடையை மாற்றுவார்கள். மற்றொன்று, கடையில் இல்லாவிட்டால் ஜனங்கள் சாமானை மாற்றுவார்கள். அக்காளுடைய அப்பளம் எந்த வகை? அவள் பிழைப்பு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்கிக் கொண்டிருந்தது.

தூக்கம் வராத இரவுகளில், இதைப்போல் அகப்பட்டுக்கொண்டு தவித்த பெரிய கம்பெனிகளின் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ஊஸ்டர் என்னும் ஊரில் ரப்பர்மெய்ட் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1930-களில் ரப்பரால் செய்த குப்பை வாரும் முறத்தில் ஆரம்பித்து, பின்னால் வீட்டுக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான்களில் பெரும் பெயர் எடுத்தது. அந்நாட்டில் யாவராலும் மிகவும் மதிக்கப்படும் கம்பெனி இதுவே என்று 1994-இல் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகை எழுதிற்று. அச்சமயத்தில் பிளாஸ்டிக்குக்கு மூலப் பொருளான பிசினின் விலை ஏறவே, கம்பெனியார் தங்கள் சரக்கின் விலையை உயர்த்த விரும்பினார்கள். அவர்களுடைய சரக்கை மிகுதியாக விற்றுவந்த வால்மார்ட் கடைகள் அந்த விலைக்கு இணங்காமல், அலமாரியில் அவர்களுக்கு இருந்த இடத்தைச் சுருக்கிப் போட்டியாளர் சரக்கை வைத்துவிட்டன. கம்பெனியின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. இருந்தாலும் இது பெரிய அடி. 1999-இல் அது நியூவெல் என்னும் மற்றொரு கம்பெனியோடு ஐக்கியமாயிற்று. சில வருஷங்களில் ஊஸ்டரில் இருந்த தொழிற்சாலையும் மூடப்பட்டது.

இந்தக் கதையைப் படித்துவிட்டு விளக்கை அணைத்தபோது, அப்பளக் கொட்டகைக்கே பூட்டுப் போட்டாற்போல் இருந்தது. நல்ல வேளையாக இன்னொரு கதையும் அகப்பட்டது. புல் வெட்டும் யந்திரம் செய்கிற ஸ்னாப்பர் கம்பெனியை 2002-இல் சிம்ப்ளிசிட்டி என்னும் கம்பெனி வாங்கியது. அதன் தலைவரான ஜிம் வியர் என்பவர் அதே வருஷத்தில் வால்மார்ட்டின் தலைமைக் காரியாலயத்துக்கே நேரில் போய், இனி உங்கள் கடைகளுக்கு எங்கள் யந்திரம் வராது என்று சொல்லிவிட்டு வந்தார். ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் வியாபாரத்தை ஒருவர் வேண்டாம் என்பதா! அவருடைய காரணம் எளியது. அவருடைய யந்திரம் விலை கூடியது, நெடுநாள் உழைப்பது, வாங்குகிறவருக்கு அதைக் காட்டிப் பழக்கி, பழுது வந்தால் பார்த்துக் கொடுக்கச் சிறு வியாபாரிகள் வேண்டும். பெரிய கடையில் மலிவான யந்திரங்களுக்குப் பக்கத்தில் அதுவும் ஒன்றாக நின்றால், இந்தச் சிறு வியாபாரிகளுக்கு அதில் சிரத்தை போய்விடும். பெரிய கடையை விட்டுவிட்டோம் என்று அறிவித்ததும் சிறு வியாபாரிகள் உற்சாகம் அடைந்து, போன வியாபாரத்தில் பெரும் பகுதியை மீட்டுக் கொடுத்தார்கள் என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். (2004-இல் சிம்ப்ளிசிட்டியையே வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. வியாபாரக் கதைகளில் ‘சுகமாக வாழ்ந்திருந்தார்கள்’ என்ற கடைசி வரி கிடையாது.)

கல்லிடைக்குறிச்சியில் நடந்தது இந்த இரண்டு கதைக்கும் நடுவில் எங்கேயோ விழுந்தது.

பாக்கெட்டில் அக்காளுடைய டெலிபோன் எண் அச்சிட்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து சில வீட்டுக்காரர்கள், “உங்கள் அப்பளம் இப்போது எங்கே கிடைக்கும்?” என்று கேட்டுப் பேசினார்கள். முதல் மூன்று மாதத்தில் அப்படித் தேடி வந்தது மாதம் முப்பது கிலோவுக்குக் காணும். மற்ற நூற்றெழுபது கிலோவைச் சாப்பிட்டவர்கள், புதிதாக வந்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதுதான் அக்காளுக்கு மிகவும் உறைத்தது. பணம் போனதுகூட அவளை அவ்வளவு வருத்தவில்லை. “எட்டு வருஷமா என் கையாலே சாப்பிட்டவர்கள், தம்பி!” என்றாள்.

அவளைத் தேற்றுவதற்காக நாம் நம்முடைய வீட்டில் ஒரு பரீட்சை நடத்தினோம். அக்காள் அனுப்புகிற அப்பளம் தீர்ந்துவிட்டால் கடையில் வாங்குகிறோமே, அது யார் செய்தது என்று நமது கிருகலக்ஷ்மியைக் கேட்டோம். யோசித்துப் பார்த்துவிட்டு, “நீலக் கலர் பாக்கெட்டு” என்றாள். நமக்கோ நீலம் என்பதுகூடத் தெரியாது. முப்பது சாமான் எழுதிய சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு வருகிறோம். அவர் எதைக் கட்டி அனுப்புகிறாரோ அதைப் பொரித்துச் சாப்பிடுகிறோம். அந்த நூற்றெழுபது கிலோ வாடிக்கைக்காரரும் ஆதி முதலே அண்ணாச்சியின் வாடிக்கைக்காரர்கள். அக்காள் அவர்களைத் தன்னவர்கள் என்று நினைத்தது, கடைத் திண்ணையில் நடந்த ஓர் அறிமுகத்தைப் பந்துத்துவம் என்று நினைத்தது போலத்தான்.

நாம் எதிர்பாராத நன்மை வேறொரு திக்கிலிருந்து வந்தது. அண்ணாச்சி கடைக்குச் சுற்றுவட்டாரத்தில் உள்ள நாலைந்து கடைக்காரர்கள் முன்னெல்லாம் அக்காளுடைய சரக்கைத் தொடுவதே இல்லை. அண்ணாச்சி பெருவாரியாக வாங்கிப் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்து விற்பார். அதற்கு எதிரில் இவர்கள் எப்படி விற்பது? இப்போது அந்தத் தடை போயிற்று. முதலில் எதிர்க் கடைக்காரர் பத்துக் கிலோ கேட்டார். பிறகு பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒருவர் பதினைந்து. அக்காளும் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீரவநல்லூர் முதல் பாளையங்கோட்டை வரையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு பெரிய கடை ஒரு நிமிஷத்தில் காலி செய்துவிட்டுப் போன இடத்தை நிரப்ப இருபத்திரண்டு சிறு கடைகள் வேண்டியிருந்தன. அதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

2018 தீபாவளிக்கு மாதம் நானூற்று நாற்பது கிலோவுக்கு வந்து சேர்ந்தது. அதிகக் கடைகள் என்றால் அதிக நடை. கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதல் செலவு. நாற்பது மிஞ்சிய இடத்தில் முப்பத்தேழு. மாதச் செலவு போகக் குடும்பத்துக்கு ஐயாயிரத்து இருநூற்றெண்பது ரூபாய் நின்றது. பழைய ஒன்பதினாயிரத்துக்கு இது எவ்வளவோ குறைவு. நாம் பயந்து போட்ட நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இடையில் ஒன்றரை வருஷ காலம் எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டால், கழுத்துச் சங்கிலி பாங்கியில் இருந்தது என்பது பதில். பிள்ளையின் படிப்புக்கு நாம் கொடுத்த தொகையைக் கடன் என்று எழுதி வைத்திருக்கிறாள். நாம் அப்படி எழுதவில்லை.

பீடிக்குப் போன இருவரில் ஒருத்தி திரும்பி வந்தாள். நர்ஸுப் படிப்புப் பெண்ணின் தாயார் வரவில்லை. அவளுடைய பலகையும் குழவியும் இன்னும் சுவரோரத்தில் சாத்தித்தான் இருக்கின்றன.

அந்த வருஷத்திலேயே ஒரு கல்யாண வீட்டில் பெரிய அண்ணாச்சியைச் சந்தித்தோம். கடைக்குப் போவதை அநேகமாக நிறுத்திவிட்டிருந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இலையில் போட்ட அப்பளத்தை ஒடித்துப் பார்த்துவிட்டு, “இது அக்கா கை இல்லையே!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாத்தியாரய்யா, பையனிடத்திலே சொல்லிவிடாதீங்க. வீட்டுக்கு மட்டும் எதிர்க் கடையிலே ஆள் விட்டு வாங்குகிறேன்” என்று சொன்னார். நாம் தமக்கையிடம் இதைச் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. “அண்ணாச்சிக்கு மிளகு அப்பளந்தான் பிடிக்கும்” என்று சொல்லி, அடுத்த தடவை எதிர்க் கடைக்கு மிளகு அப்பளத்தில் ஒரு கட்டு அதிகமாக அனுப்பினாள்.

இப்போது அவளிடத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. எந்தக் கடையானாலும் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. சென்ற தடவை நாம் போயிருந்தபோது, தென்காசியிலிருந்து ஒரு பெரிய கடைக்காரர் டெலிபோனில் பேசினார். மாதம் இருநூறு கிலோ, சொன்ன விலை, ரொக்கம் என்றார். நமக்கு வாயில் ஜலம் ஊறிற்று. நோட்டுப் புஸ்தகத்துக்காகச் சட்டைப் பையில் கையை விட்டோம்.

“அதை உள்ளே வை, தம்பி” என்று சொல்லிவிட்டு, அக்காள் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டாள். “எண்பது கிலோ அனுப்புகிறேன், அண்ணாச்சி. பாக்கெட்டிலே என் பேர் இருக்கும்.”